செல்சிக்கு ஒரு கணக்கு, எவர்டனுக்கு ஒரு கணக்கா?

டர்பனின் ஃபீனிக்ஸிலிருந்து பி.காம். படிக்கும் ஒரு தம்பி கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பான செல்சி 2022இல் புது முதலாளிகளின் கைக்குப் போனதிலிருந்து ஆட்டக்காரர்களுக்கு ஒரு பில்லியன் பவுண்டுக்கு மேல் கொட்டியது. அதற்காகப் பிரீமியர் லீக் பட்டியலில் ஒரு புள்ளிகூட வெட்டவில்லை. அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராத எவர்டனுக்கு, நஷ்ட வரம்பைத் தாண்டியதாக, 2023-24 சீசனில் இரண்டு தடவை வெட்டு, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு ஒரு தடவை. பணக்காரனுக்கு ஒரு நியாயமா? ஓர் ஆட்டக்காரரின் மதிப்பு இத்தனை என்று யார் எழுதுகிறார்கள்? நம் தென்னாப்பிரிக்காவின் சீஃப்ஸ், பைரட்ஸ் கிளப்புகளுக்கு இப்படி ஏதாவது விதி உண்டா?

மூன்று கேள்வி போல இருக்கிறது. ஆனால் தம்பி உண்மையில் கேட்பது, ஆட்டக்காரருக்குக் கொடுத்த பணம் கிளப்பின் கணக்கில் எப்போது செலவாகிறது என்பதைத்தான். பத்திரிகையில் நாம் படிக்கும் செலவும் கணக்கில் ஏறும் செலவும் வேறு வேறு. அது பிடிபட்டால் செல்சியும் எவர்டனும் தானாகப் புரிந்துவிடும்.

நான் டர்பனில் ஆடிட்டர். பல வருஷமாகக் கம்பெனிக் கணக்குகளோடுதான் பிழைப்பு. சாட்ஸ்வர்த்தில் ஓர் உள்ளூர் கிளப்புக்குப் பொருளாளராகவும் இருக்கிறேன். அங்கே டிரான்ஸ்ஃபர் தொகை என்றால் ஒரு செட் ஜெர்ஸி, இரண்டு பந்து. ஐரோப்பிய கிளப் எதையும் நான் ஆடிட் செய்ததில்லை. ஆனாலும் தென்னாப்பிரிக்காவில் நாங்கள் பின்பற்றும் சர்வதேசக் கணக்கு விதிகளும் அங்கே பெரிய கிளப்புகள் கணக்கு எழுதும் முறையும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். ஆகவே கணக்கு முறை பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். ஓர் ஆட்டக்காரர் அந்த விலைக்குத் தகுமா என்று நான் சொன்னால், அதற்கு சனிக்கிழமை மாலை டிவி முன்னால் உட்கார்ந்து பேசும் எந்த மாமாவின் பேச்சுக்கும் உள்ள மரியாதைதான்.

முதலில், கிளப் எதை வாங்குகிறது? ஆளை வாங்குவதில்லை. அவரைத் தன் பெயரில் பதிவு செய்துகொள்ளும் உரிமையை, ஒப்பந்தம் இருக்கும் காலத்துக்கு மட்டும் வாங்குகிறது. கிரே தெருவில் ஒரு கடையை ஐந்து வருஷக் குத்தகைக்கு எடுத்து மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வருஷம் முடிந்த மறுநாள் உங்கள் கையில் சாவியும் இல்லை, பணமும் இல்லை. 1995 டிசம்பரில் பெல்ஜியத்தின் ஜான்-மார்க் போஸ்மன் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு இந்த நிலை உறுதியானது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் சும்மா நடந்து வெளியே போகலாம், பழைய கிளப் ஒரு காசு கேட்க முடியாது. ஆகவே சர்வதேசக் கணக்கு விதி 38இன் கீழ் இந்தப் பதிவுரிமை கண்ணுக்குத் தெரியாத சொத்தாக ஏட்டில் ஏறி, ஒப்பந்தக் காலம் முழுக்க சமமாகத் தேய்ந்துகொண்டே வந்து பூஜ்யத்தில் நிற்கிறது.

இப்போது ஓர் எளிய கணக்கு. ஒரு கிளப் 60 மில்லியன் பவுண்டுக்கு ஒருவரை ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் வாங்குகிறது. இந்த வருஷக் கணக்கில் ஏறும் செலவு 60 அல்ல, 12 மில்லியன். அதே வாரம் தன் அகாடமியில், அதாவது சிறுவர் பயிற்சிப் பள்ளியில், வளர்ந்த ஒரு பையனை 40 மில்லியனுக்கு விற்கிறது. அந்தப் பையனை யாரிடமும் விலை கொடுத்து வாங்கவில்லை, அதனால் ஏட்டில் அவன் மதிப்பு பூஜ்யம். விற்ற 40உம் அப்படியே, ஒரே நாளில், லாபம். பத்திரிகை சொல்வது: 60 கொடுத்து 40 வாங்கினார்கள், ஆக 20 மில்லியன் கைவிட்டுப் போனது. கணக்கு சொல்வது: சம்பளத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் இந்த வருஷம் 28 மில்லியன் லாபம். இரண்டும் பொய்யில்லை.

இதில் ஒரு வினை இருக்கிறது. அடுத்த வருஷம் அந்த 40 மில்லியன் மறுபடி வராது, 12 மில்லியன் செலவு மட்டும் மறுபடி வந்து நிற்கும். அதற்கடுத்த வருஷமும் வரும். இந்த வேகத்தில் வாங்கும் கிளப் ஒவ்வொரு கோடையிலும் யாரையாவது விற்றே ஆக வேண்டும். செல்சி ஏன் வருஷா வருஷம் வாசலில் ஆட்களை வரிசையாக நிறுத்தி விற்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

செல்சியின் முதல் தந்திரம் காலத்தை நீட்டியது. 2023 ஜனவரியில் பென்ஃபிகாவிடமிருந்து என்சோ ஃபெர்னாண்டஸை சுமார் 107 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியபோது எட்டரை வருஷ ஒப்பந்தம் போட்டார்கள். வகுத்துப் பாருங்கள்: வருஷத்துக்குப் பன்னிரண்டரை மில்லியன். வழக்கமான ஐந்து வருஷ ஒப்பந்தமாக இருந்தால் 21 மில்லியனுக்கு மேல் வந்திருக்கும். அதே மாதம் வந்த முட்ரிக்குக்கும் எட்டரை வருஷம். அந்தக் கோடையில் பிரைட்டனிலிருந்து வந்த கைசெடோவுக்கு எட்டு வருஷம். அப்போது பிரீமியர் லீக் விதியில் இதற்குத் தடை இல்லை. பார்த்துவிட்டு ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஎஃபா 2023 கோடையிலிருந்து புது ஒப்பந்தங்களுக்கு, எத்தனை வருஷம் கையெழுத்துப் போட்டாலும் தேய்மானத்தை ஐந்து வருஷத்துக்கு மேல் பரப்பக்கூடாது என்று சொல்லிவிட்டது. பிரீமியர் லீக் அந்த டிசம்பரில் அதையே பின்பற்றியது. முன்னால் போட்ட ஒப்பந்தங்களைத் தொடவில்லை. ஆக அந்த ஜன்னல் செல்சி நுழைந்த பிறகுதான் மூடப்பட்டது.

பலர் கவனிக்காத இன்னொன்று, ஒப்பந்தத்தைப் புதுப்பித்தாலும் இதே வேலை நடக்கும். 50 மில்லியனுக்கு ஐந்து வருஷம் என்று வாங்கியவர் மூன்று வருஷம் ஆடியாகிவிட்டது, ஏட்டில் மிச்சம் 20 மில்லியன். இன்னும் இரண்டு வருஷத்துக்கு வருஷம் 10 வீதம் ஏற வேண்டும். இப்போது புதிதாக ஐந்து வருஷம் கையெழுத்து வாங்கினால் அந்த 20 ஐந்தாகப் பிரிந்து, வருஷம் 4 ஆகிவிடும். முப்பதை நெருங்கும் ஒருவருக்கு எதற்கு இத்தனை நீளமான ஒப்பந்தம் என்று ரசிகர்கள் தலையில் அடித்துக்கொள்ளும்போது, காரணத்தின் ஒரு பாதி சில நேரம் கணக்கு அறையில் இருக்கும்.

சரி, எவர்டனுக்கு வருவோம். அப்போதைய பிரீமியர் லீக் விதி மூன்று வருஷத்துக்கு 105 மில்லியன் பவுண்ட் நஷ்டம் வரை பொறுத்துக்கொள்ளும், அதாவது சீசனுக்கு 35. அதில் பெரும் பகுதியை முதலாளி கைப்பணம் போட்டு ஈடுகட்ட வேண்டும். அகாடமி, பெண்கள் அணி, சமூகப் பணி, மைதானக் கட்டுமானம் போன்ற சில செலவுகளைக் கழித்துக்கொள்ளலாம். எவர்டனின் கழித்த பிறகான நஷ்டம் 2021-22இல் முடிந்த காலத்துக்கு 124.5 மில்லியன் என்று விசாரணைக் கமிஷன் முடிவு செய்தது. வரம்பைத் தாண்டியது 19.5. 2023 நவம்பரில் 10 புள்ளி போனது, மேல்முறையீட்டில் 2024 பிப்ரவரியில் அது 6 ஆனது. அடுத்த கணக்குக் காலத்துக்கு இன்னும் 2 புள்ளி ஏப்ரலில் போனது. அவர்களின் கதை ஆட்டக்காரர்களை வாங்கியதோடு நிற்கவில்லை. உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யக் கோடீஸ்வரர் உஸ்மானோவின் கம்பெனிகளிடமிருந்து வந்த ஸ்பான்சர் பணம் நின்றது. புது மைதானத்துக்காக வாங்கிய கடன் வட்டியைக் கழிக்கலாமா கூடாதா என்ற தகராறில் கமிஷன் அவர்களுக்கு எதிராகச் சொன்னது. எவர்டன்காரர்கள் இன்னும் இதைப் பேசுகிறார்கள். வட்டி விஷயத்தில் எனக்கு அவர்கள்மேல் கொஞ்சம் இரக்கம் உண்டு. ஆனால் ஆடிட்டராக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நானும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன். எந்தக் கடன் எதற்குப் போனது என்று தாளில் காட்ட வேண்டும், வாயால் சொன்னால் போதாது.

ஃபாரஸ்ட் கதைதான் இதில் பாடப்புத்தகத்துக்குப் போக வேண்டியது. மூன்று வருஷத்தில் இரண்டு வருஷம் அவர்கள் இரண்டாம் டிவிஷனில் இருந்தார்கள், அங்கே சீசனுக்கு 13 மில்லியன்தான் அனுமதி. ஆகவே அவர்கள் வரம்பு 105 அல்ல, 61. அதை 34.5 மில்லியன் தாண்டினார்கள். கையில் ஒரு தீர்வும் இருந்தது. சொந்த அகாடமியில் வளர்ந்த பிரென்னன் ஜான்சனை டாட்டனமுக்கு சுமார் 47.5 மில்லியனுக்கு விற்றார்கள். ஏட்டு மதிப்பு பூஜ்யம், முழுதும் லாபம், ஓட்டையை அடைத்து மிச்சமும் இருக்கும். ஆனால் விற்ற நாள் 2023 செப்டம்பர் 1. கணக்கு வருஷம் ஜூன் 30இலேயே முடிந்துவிட்டது. ஜூனில் விற்றிருந்தால் குறைவான விலைதான் கிடைத்திருக்கும், காத்திருந்து நல்ல விலை வாங்கினோம், இது நல்ல வியாபாரம்தானே என்பது கிளப்பின் வாதம். கமிஷன் கேட்கவில்லை. 6 புள்ளி போயிருக்க வேண்டியது. முன்னதாகவே ஒப்புக்கொண்டு ஒத்துழைத்ததால் 4 ஆனது. வியாபாரமாகப் பார்த்தால் கிளப் சொன்னது சரி. விதிக்கு நல்ல விலை எது என்ற கவலை இல்லை, தேதி மட்டும்தான் கண்ணில் படும்.

இங்கிருந்துதான் என் அபிப்பிராயம் ஆரம்பிக்கிறது. இந்த விதிகள் யாரைக் காப்பாற்ற வந்தன என்று கேட்டால், கிளப்புகள் திவாலாகாமல் இருக்க என்று சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் நடைமுறையில், சொந்த ஊர்ப் பையனை விற்பவனுக்கு இவை பரிசு கொடுக்கின்றன. விலை கொடுத்து வாங்கித் தோற்றுப்போன ஆட்டக்காரரை விற்றால் ஏட்டு மதிப்பு போகத்தான் லாபமோ நஷ்டமோ. அகாடமிப் பையனை விற்றால் மொத்தமும் லாபம். மேசன் மவுண்ட் 2023இல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும், கானர் கேலகர் 2024இல் அட்லெட்டிகோவுக்கும் போனார்கள். செல்சி இரண்டு பேரையும் சிறு பிள்ளையிலிருந்து வளர்த்தது. ஸ்காட் மெக்டாமினேயை யுனைடெட் 2024இல் சுமார் 25 மில்லியன் பவுண்டுக்கு நாப்போலிக்கு விற்றது, முதல் சீசனிலேயே இத்தாலிய லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் என்று பெயர் வாங்கினார். யுனைடெட் ரசிகனாக எனக்கு அது இன்னும் எரிகிறது. ஆட்டத்தில் அவர் மதிப்பு என்ன என்ற கேள்வி தீர்மானத்தில் எவ்வளவு எடைபோட்டது, ஏட்டில் பூஜ்யம் என்பது எவ்வளவு எடைபோட்டது என்று அந்த அறையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் கணக்கு எந்தப் பக்கம் தள்ளியது என்பதில் சந்தேகமே இல்லை.

இது உச்சிக்குப் போனது 2024 ஜூன் கடைசியில். ஆஸ்டன் வில்லா கிளப்பின் டிம் இரோக்புனம் எவர்டனுக்கும், எவர்டனின் லூயிஸ் டாபின் வில்லாவுக்கும். செல்சியின் இயன் மாட்சன் வில்லாவுக்கும், வில்லாவின் இளைஞன் ஒமாரி கெல்லிமன் செல்சிக்கும். நியூகாசிலின் எலியட் ஆண்டர்சன் ஃபாரஸ்டுக்கு, அங்கிருந்து கோல்கீப்பர் விளாகோடிமோஸ் நியூகாசிலுக்கு. ஜூன் 30க்குள் முடிய வேண்டும் என்று எல்லாரும் ஓடினார்கள். இப்படிக் கொடுக்கல் வாங்கல் செய்யும்போது இரண்டு பக்கமும் விற்ற லாபத்தை உடனே எழுதிக்கொள்கின்றன, வாங்கிய செலவை ஐந்து வருஷத்துக்குப் பரப்பிக்கொள்கின்றன. இந்தக் குறிப்பிட்ட மாற்றங்களில் விலை ஊதப்பட்டது என்று நான் சொல்லவில்லை; லீக் யாரையும் அதற்காகத் தண்டிக்கவில்லை. ஆண்டர்சன் அதற்குப் பிறகு இங்கிலாந்துக்கே ஆடினார், அந்த விலை இன்று மலிவாகத் தெரிகிறது.

விலையை ஊதினார்கள் என்று நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இத்தாலியைப் பாருங்கள். யுவென்டஸும் மற்ற சில கிளப்புகளும் ஆட்டக்காரர்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு பொய் லாபம் காட்டியதாக வழக்கு. 2022இல் விளையாட்டு நீதிமன்றம் எல்லாரையும் விடுவித்தது. ஓர் ஆட்டக்காரரின் உண்மையான விலை இதுதான் என்று காட்ட ஏற்கத்தக்க முறை இல்லை என்பது அதன் மையக் காரணம். பிறகு டூரின் அரசு வக்கீல்கள் ஒட்டுக்கேட்ட தொலைபேசிப் பேச்சுகளும் தாள்களும் கைக்கு வந்ததும் வழக்கு மறுபடி திறக்கப்பட்டு, யுவென்டஸுக்கு 2023 ஜனவரியில் 15 புள்ளி வெட்டு, அந்த மே மாதம் அது 10 என்று மாறியது. மாட்டிவிட்டது விலை அல்ல, விலையைப் பற்றி அவர்களே பேசிக்கொண்டது. 2020 ஜூன் கடைசியில் பார்சிலோனா ஆர்துரை யுவென்டஸுக்கு 72 மில்லியன் யூரோவுக்கு விற்று, பியானிச்சை 60 மில்லியனுக்கு வாங்கியதே, அதில் நிஜமாகக் கைமாற வேண்டிய வித்தியாசம் 12 மில்லியன்தான். இரண்டு கிளப்பின் ஏட்டிலும் ஏறிய லாபத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

செல்சியின் அடுத்த வழி இதைவிட நேரடியானது. மைதானத்தை ஒட்டி இருந்த இரண்டு ஹோட்டல்களைத் தன் முதலாளிகளின் இன்னொரு கம்பெனிக்கே 76.5 மில்லியன் பவுண்டுக்கு விற்றது. அடுத்து 2024 ஜூனில் பெண்கள் அணியைத் தாய்க் கம்பெனிக்கு விற்று ஏறத்தாழ 200 மில்லியன் லாபம் காட்டியது. விளைவு, 2023-24இல் வரிக்கு முன் 128.4 மில்லியன் லாபம். அப்போதைய பிரீமியர் லீக் விதியில் இதற்குத் தடை இல்லை. அந்த வழியை அடைக்க 2024 ஜூனில் கொண்டுவந்த தீர்மானத்துக்கு வேண்டிய 14 ஓட்டு கிடைக்கவில்லை, மற்ற சில கிளப்புகளும் அந்தக் கதவைத் திறந்தே வைத்துக்கொள்ள விரும்பியதாகத் தெரிகிறது. அடிபட்ட எவர்டனே 2025இல் தன் பெண்கள் அணியை முதலாளியின் கம்பெனிக்கு விற்றது! யூஎஃபா கணக்கில் இது செல்லாது. 2025 ஜூலையில் அது செல்சிக்கு 31 மில்லியன் யூரோ அபராதம் போட்டது, சொன்னபடி நடக்காவிட்டால் இன்னும் 60 மில்லியன். ஆகவே 'செல்சிக்கு ஒன்றுமே ஆகவில்லை' என்பது முழு உண்மை அல்ல. பணத்தால் அடிபட்டது, புள்ளியால் அடிபடவில்லை. ஹோட்டல் வைத்திருக்கிறவனுக்கு ஒரு நியாயமா என்று கேட்டால், ஆமாம், அந்த வருஷங்களில் அப்படித்தான் இருந்தது.

மதிப்பை யார் எழுதுகிறார்கள் என்ற கேள்விக்கு இரண்டு பதில். ஏட்டு மதிப்பை யாரும் மதிப்பிடுவதே இல்லை; கொடுத்த விலையிலிருந்து தேய்ந்தது போக மிச்சம், அவ்வளவுதான். ஆட்டக்காரர் பிரமாதமாக ஆடினாலும் அது ஒரு காசு ஏறாது. படு மோசமாக ஆடினாலும் அவர் அணியின் ஒரு பகுதி என்று சொல்லி அப்படியே விட்டுவிடலாம். இனி ஆடவே மாட்டார் என்ற அளவுக்குக் காயமோ, அணியிலிருந்து முற்றாக ஒதுக்கமோ இருந்தால்தான் ஆடிட்டர் கீழே இறக்கச் சொல்வார். இணையத்தில் நாம் பார்க்கும் டிரான்ஸ்ஃபர்மார்க்ட் எண்கள் வேறு சங்கதி. ஜெர்மனியில் தொடங்கிய அந்தத் தளத்தில் உறுப்பினர்கள் விவாதித்து எண்ணை நிறுத்துகிறார்கள். சுவிட்சர்லாந்தின் சி.ஐ.இ.எஸ். ஆய்வு மையம் பழைய விற்பனைகளை வைத்துப் புள்ளியியல் கணக்கால் ஓர் எண் சொல்கிறது. இரண்டும் பயனுள்ள ஊகங்கள். எந்த லீக்கும் அதை வைத்து யாரையும் தண்டிப்பதில்லை.

சந்தை விலையைத் தீர்மானிப்பதில் திறமைக்குச் சமமாக, பல நேரம் அதைவிடக் கூடுதலாக, ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கும் மாதங்கள் எடைபோடும். எம்பாப்பேக்கு பாரிஸ் கிளப்பான பிஎஸ்ஜி கொடுத்தது 180 மில்லியன் யூரோ. 2024இல் ஒப்பந்தம் முடிந்து ரியல் மாட்ரிடுக்குப் போனபோது கிடைத்தது பூஜ்யம். டிரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னால்ட் 2025 ஜூன் கடைசியில் சும்மா போயிருப்பார். கிளப் உலகக் கோப்பைக்கு ஒரு மாதம் முன்னதாக வேண்டும் என்பதால் ரியல் சுமார் 10 மில்லியன் யூரோ கொடுத்தது. இரண்டு வருஷம் முன்னால் லிவர்பூல் அவரை விற்றிருந்தால் எத்தனை மடங்கு என்று இங்கே லிவர்பூல் வீட்டுக் கல்யாணங்களில் கேட்டால் சாப்பாடு பரிமாற மாட்டார்கள். மறுபக்கம் ஆன்டனி. 2022இல் அயாக்ஸுக்கு யுனைடெட் கொடுத்தது 95 மில்லியன் யூரோ, ஐந்து வருஷ ஒப்பந்தம். 2025இல் ரியல் பெட்டிஸுக்குப் போனபோது, தரகுச் செலவைச் சேர்க்காமல், என் கணக்கில் ஏட்டில் மிச்சம் 38 மில்லியன். கிடைத்தது, பிற்பாடு வரக்கூடியதையும் சேர்த்து, 25 மில்லியன் சுற்றி. இன்னும் ஒரு வருஷம் முன்னால் அதே விலைக்கு விற்றிருந்தால் ஏட்டு நஷ்டம் இரட்டிப்புக்கும் மேல். மோசமாகப் போன ஆளை ஏன் உடனே விற்பதில்லை என்பதற்கு விடை இதில் இருக்கிறது: விற்றால் நஷ்டம் இன்றே ஏடேறும், வைத்திருந்தால் தேய்ந்துகொண்டே வரும்.

இப்போது நம் ஊர். இங்கிலாந்தைப் போல மூன்று வருஷ நஷ்டத்துக்கு இத்தனை என்று எண் வைத்துக் கட்டும் விதி நம் பிரீமியர் சாக்கர் லீக்கில் (பி.எஸ்.எல்.) இல்லை. ஆப்பிரிக்கக் கால்பந்துச் சம்மேளனத்தின் லைசென்ஸ் முறை உண்டு, அது கிளப்பின் நிர்வாகம், கணக்கு, மைதானம் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பது. நம்மிடம் வேறு ஒரு பழக்கம் இருக்கிறது: லீக்கில் ஆடும் இடத்தையே விற்பது. பிட்வெஸ்ட் விட்ஸ், ஒரு நூற்றாண்டைத் தொடவிருந்த கிளப், 2020இல் தன் இடத்தை லிம்போபோவின் டிடிஎம் கிளப்புக்கு விற்றது. ஒரு சீசன் முடிவதற்குள் அதுவும் கைமாறி மருமோ கேலண்ட்ஸ் ஆனது. நமக்கு இன்னும் பக்கத்திலேயே வலி உண்டு. பி.எஸ்.எல்.லின் முதல் சாம்பியன், 1996-97இல், நம் சாட்ஸ்வர்த்தின் மேனிங் ரேஞ்சர்ஸ். பத்து வருஷத்துக்குள் கிளப் விற்கப்பட்டு, பெயர் மாறி, டர்பனை விட்டே போய்விட்டது. அங்கே விதி பையனை விற்கத் தூண்டுகிறது, இங்கே விதி இல்லாமை கிளப்பையே விற்க விடுகிறது. எது மோசம் என்று என்னைக் கேட்டால் தயங்காமல் இரண்டாவதைச் சொல்வேன்.

ஒரே முதலாளியின் இரண்டு கிளப்புக்குள் ஆள் மாறும் கதையும் நமக்குப் புதிதல்ல. ஸ்டீவன் பியனார் அயாக்ஸ் கேப்டவுனிலிருந்து ஆம்ஸ்டர்டாம் அயாக்ஸுக்குப் போனபோது கேப்டவுன் கிளப்பின் பெரும்பங்கு ஆம்ஸ்டர்டாம் கையில்தான் இருந்தது. பெர்சி டாவை 2018இல் சன்டவுன்ஸிடமிருந்து பிரைட்டன் வாங்கியது. இங்கிலாந்தில் வேலை அனுமதி கிடைக்கவில்லை, பெல்ஜியத்தின் யூனியன் கிளப்புக்குக் கடனாகப் போனார். பிரைட்டனின் டோனி புளூம்தான் அப்போது அங்கேயும் முதலாளி. இன்று இப்படி ஒரு மாற்றம் நடந்தால் கணக்கு பார்ப்பவர் முதலில் கேட்பது, வெளியாள் ஒருவர் இந்த விலை கொடுப்பாரா என்பதுதான்.

உள்ளூர் கிளப் நடத்துபவர்கள் படிப்பதானால் இதையும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் நமக்கு நிஜமாகப் பணம் இருக்கிறது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது ஆட்டக்காரர் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு விலைக்குப் போனால், அதில் 5 சதவீதம் அவரை 12 முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் போக வேண்டும் என்பது ஃபிஃபா விதி. 12 முதல் 15 வயது வரை வருஷத்துக்குக் கால் சதவீதம், 16இலிருந்து அரை சதவீதம். 12 வயதில் வந்து 17 முடிய உங்களிடம் ஆடிய பையனுக்கு உங்கள் பங்கு 2 சதவீதம். அவன் 20 மில்லியன் யூரோவுக்குக் கைமாறினால் 4 லட்சம் யூரோ. யூரோவுக்கு 20 ராண்ட் என்று வைத்தால் 8 மில்லியன் ராண்ட். சாட்ஸ்வர்த்தில் எந்த கிளப்பின் பத்து வருஷச் செலவையும் அது தாண்டும். 2022 நவம்பரிலிருந்து பாரிஸில் உள்ள ஃபிஃபாவின் தீர்வு மையம் இதைக் கணக்கிட்டுப் பிரித்துக் கொடுக்கிறது, ஆனால் பையன் உங்கள் பெயரில் பதிவாகியிருந்த தாள் இல்லையென்றால் எதுவும் வராது. பதிவு அட்டைகளைத் தயவுசெய்து ஷூ பெட்டியில் போட்டு வைக்காதீர்கள்.

விதிகளும் மாறிக்கொண்டிருக்கின்றன. யூஎஃபா இப்போது நஷ்டத்தைவிட விகிதத்தைப் பார்க்கிறது: அணிச் சம்பளம், தேய்மானம், தரகு மூன்றும் சேர்ந்து வருமானத்தில் 70 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, 2025-26 முதல். பிரீமியர் லீக் கிளப்புகள் 2025 நவம்பரில் ஓட்டெடுத்து 2026-27 முதல் அதே மாதிரி, 85 சதவீதம் என்று ஏற்றுக்கொண்டன. ஹோட்டல் விற்பது இதில் உதவாது. ஆட்டக்காரரை விற்ற லாபம் இன்னும் கணக்கில் சேரும், ஆகவே அகாடமிப் பையன் மேல் உள்ள கண் போகாது என்பது என் கணிப்பு. கணிப்புதான், இரண்டு மூன்று கோடை போனால்தான் தெரியும். இன்னொன்று, வருமானத்தில் விகிதம் என்றால் வருமானம் பெரிதாக உள்ளவன் எப்போதும் கூடுதலாகச் செலவழிக்கலாம். சின்ன கிளப்பின் முதலாளி பணத்தோடு வந்தாலும் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

தம்பி, பி.காம். படிக்கிறீர்கள், ஆகவே என் பேச்சை நம்பி விட்டுவிட வேண்டாம். இங்கிலாந்து கிளப்புகளின் கணக்குகள் அந்த நாட்டுக் கம்பெனிப் பதிவகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். யுனைடெட் நியூயார்க் பங்குச் சந்தையில் இருப்பதால் அவர்கள் அறிக்கை இன்னும் விவரமானது. திறந்ததும் லாப நஷ்டப் பக்கத்துக்கு ஓடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத சொத்துகள் பற்றிய குறிப்பில் பதிவுரிமைக்கு எத்தனை ஏறியது, எத்தனை தேய்ந்தது என்று பாருங்கள். அப்புறம் பதிவுரிமை விற்ற லாபம் என்ற வரியை எடுத்துவிட்டு நஷ்டம் எவ்வளவு என்று கூட்டுங்கள். கடைசியாக, கணக்கு நாளுக்குப் பிந்திய நிகழ்வுகள் என்று ஒரு சின்னக் குறிப்பு கடைசிப் பக்கங்களில் இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் யாரை விற்றார்கள், எத்தனைக்கு என்று அதில் இருக்கும். அடுத்த வருஷக் கணக்கு எப்படி இருக்கும் என்பதற்கு அதைவிட நல்ல குறிப்பு அந்தப் புத்தகத்தில் வேறெங்கும் இல்லை.